தேனீயும் பாசியும்

சென்ற ஆவணித் திங்களில் நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் ஒரு சொற்போர் நிகழ்த்தினர். அருகிவரும் தேனீயினம் ஒன்றும் அரிய பாசியினம் ஒன்றும் ஒருங்கே அழியும் நிலையில் இருக்க, ஒன்றனைக் காப்பதற்கு மட்டுமே கையிற் பொருளுண்டெனின் எதனைக் காத்தல் தகும் என்பது அன்றைய பொருள். யான் தேனீயின் கட்சியிற் பேசினேன். என் கட்சிக்குப் பெயர் கொடுத்தவர் எழுவர். பாசிக்குப் பேச ஒருவரும் முன்வரவில்லை. ஈற்றில், பட்டியலில் எட்டாமவராய் நின்ற நண்பர் ஒருவர் அப்பக்கம் தள்ளப்பட்டார். அவர் எழுந்து, "தலைவர் அவர்களே, பாசியின் சார்பில்" என்று தொடங்கியவுடனே அவையெங்கும் நகைப்பொலி எழுந்தது. யானும் நகைத்தேன். நடுவர் என் கட்சியே வென்றதென முடிவு கூறினார். எனக்கு ஒரு நூலும் பரிசாகக் கிடைத்தது. அவ்வெற்றியை மறுத்து இன்று யானே எழுத நேர்ந்திருக்கின்றது. என்னை நேர்வித்தது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

அன்று யான் கூறியவை பொய்யல்ல. பூசணி, பீர்க்கு, புடல், வெள்ளரி என்னும் கொடிகளிலெல்லாம் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; இடையே ஓடித் தூது செல்லும் பூச்சியினம் இல்லையேல் காய் இல்லை. நம் மாவட்டத்திற்கே சிறப்பாகிய முந்திரியும் அத்தகையதே. பண்ணுருட்டியிலும் விருத்தாசலத்திலும் செம்மண் மேட்டில் தை, மாசித் திங்களில் முந்திரி பூக்குங்கால், ஒரே கொத்தில் ஆண்பூக்கள் பலவும் இருபாற்பூக்கள் சிலவும் கலந்து நிற்கும். அதன் மகரந்தம் ஒட்டுந்தன்மையுடையது. காற்றுக்கு எளிதிற் பறவாது. தேனீயும் அதன் சுற்றத்தாரும் கால்களில் அப்பிக்கொண்டு போனால்தான் கொட்டை பிடிக்கும். இவற்றையெல்லாம் விரித்துரைத்துக் கைதட்டல் வாங்கினேன். ஒன்றை மட்டும் மறைத்தேன். நெற்பயிர்க்குத் தேனீ வேண்டுவதில்லை. காட்டுமன்னார்கோயில் முதல் சிதம்பரம் வரை வீராணத்து நீர் பாயும் வயல்களெல்லாம் ஒரு தேனீயும் இன்றி விளைந்துவிடும். எதிர்க்கட்சி நண்பர்க்கு இஃது தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் கூறவில்லை.

நிற்க. தேனீ என்று பொதுவாகக் கூறிவிட்டோமே, எந்தத் தேனீ? உலகில் இருபதினாயிரத்துக்கும் மிக்க ஈயினங்கள் இவ்வகுப்பில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, நாம் உண்ணும் தேனைத் தாராதவை. நம் நாட்டார் நன்கறிந்தவை மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்பன. இவற்றுள் மரப்பொந்திலும் சுவர்ப்பொந்திலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் அடுக்குத்தேனீ பெட்டியில் வளர்க்கத்தக்க நம் நாட்டு இனம். திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் சில ஆண்டுகள் சிற்றூரார்க்குத் தேனீ வளர்ப்புப் பயிற்றி, இவ்வீயின் உடலளவுக்கு ஏற்ற சிறு பெட்டி ஒன்றையும் அமைத்தார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பார் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராமப்பணியில் இத்தொழிலையும் சேர்த்துக்கொண்டார். அங்ஙனம் வளர்ந்த தொழிலை 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஒரு நோய் ஏறக்குறைய முற்றும் வாரிக்கொண்டு போயிற்று. புழுப்பருவத்திலேயே குஞ்சுகள் நீர் நிறைந்த பைபோலாகி மடியும் அந்நோய்க்குத் 'தாய் சாக்புரூட்' என்று பெயர், நச்சுயிரியால் வருவது. தென்னாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட கூடுகள் அழிந்தன.

அதன்பின் நிகழ்ந்ததுதான் என் கட்சியின் அடிக்கல்லைப் பெயர்ப்பது. வடநாட்டில் 1960களிலேயே நிலைபெற்றிருந்த இத்தாலியத் தேனீயைத் தென்னாட்டிலும் கொணர்ந்து பரப்பினர். அது மிகுதியாகத் தேன் தரும், மகரந்தமும் சுமக்கும். ஆதலின், பயன் ஒன்றே காரணமென்று நாட்டுத்தேனீக்காக வாதாடுவோன், அதே பயனை மிகுதியாகத் தரும் அயல்தேனீ வந்தவுடன் வாய்மூடி நிற்கவேண்டியவன் ஆகின்றான். 2022ஆம் ஆண்டில் கேரள ஆய்வாளர் சிலர் மேற்குத்தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் கரிய தேனீ ஒன்றைத் தனியினமெனக் கண்டு வெளியிட்டனர்; கேரளத்தில் அது அழிவை அணுகும் நிலையினது என்றும் மதிப்பிட்டனர். நான் சொற்போரில் 'அருகிவரும் தேனீ' என்று குறித்ததும் அதனையே. அதைக் காக்க யான் எடுத்துரைத்த காரணங்களோ பூசணியும் முந்திரியும். கடலூர் முந்திரிக்கு அந்த மலைத்தொடரின் கருந்தேனீ என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. நடுவர் இதனைக் கேட்டிருந்தால் யான் விழித்திருப்பேன்.

அக்கருந்தேனீயின் பெயர்க்கதை இனியது. மலையாள நாட்டார் நெடுங்காலமாக அதனைக் 'கரிஞொடியன்' என்று அழைத்து வந்தனர். ஆய்வாளர் அந்நாட்டுப் பெயரையே அதற்குரிய விஞ்ஞானப் பெயராகவும் ஆக்கினர். நம் நாட்டுத் தேனீ ஒன்றற்கு அதற்கு முன்னர் இங்ஙனம் பெயர் சூட்டப்பட்டது 1798இல். சூட்டியவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலார் ஃபப்ரிசியஸ். (தமிழ் அகராதியும் வேத மொழிபெயர்ப்பும் செய்த ஃபப்ரிசியஸ் ஐயர் வேறு, நம் வகுப்பில் இருவரையும் ஒருவராக்கி விடை எழுதியவர் உண்டு.) மலைத்தேனீக்கும் கொம்புத்தேனீக்கும் பெயரிட்டவரும் அவரே.

பெயரைப் பற்றிச் சிறிது நின்று பேசுதல் தமிழ் மாணவனாகிய எனக்கு உரிமை. தேனீயினத்துக்குத் தமிழில் உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள்: வண்டு, சுரும்பு, ஞிமிறு, மிஞிறு, தும்பி, அளி, பிரசம், மதுகரம், அறுபதம். உரையாசிரியர் சிலர் இவற்றினுள் வேறுபாடும் காட்டுவர். உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு, ஒரு தும்பியை முன்னிறுத்தி வினவுகின்ற பாட்டு. மாணிக்கவாசகர் தில்லையில் இருந்து பாடிய பகுதிகளில் ஒன்று கோத்தும்பியை விளித்தே நடப்பது. போப்பையர் 1900இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பால் அத்தும்பி கடல் கடந்தும் சென்றது. தில்லை என்னும் அம்மரமோ இன்று சிதம்பர நகரத்தினுட் காண்பதற்கரிதாய், கிழக்கே பிச்சாவரத்துக் கண்டற்காட்டில் நிற்கின்றது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் மலைத்தேனீக்குப் பெருவிருந்தளிக்கும் மரங்களில் இதுவும் ஒன்று. கண்ணைக் குருடாக்கும் பாலுடைய மரத்தின் பூவில் தேன் இருப்பதை ஈக்கள் எங்ஙனமோ அறிந்து வைத்துள்ளன.

பாசிக்கு என்ன பெயர் உண்டு? 'பாசி' என்ற ஒன்றே. அதுவும் அதற்கே உரியதன்று. குளத்து நீரின்மேற் படர்வதும் பாசி. கடலில் வளர்வதும் பாசி. கழுத்தில் அணியும் மணியும் பாசி. பயற்றிலும் பாசிப்பயறு உண்டு. பசுமையான எதனையும் கண்டு, பிரித்தறியச் சோம்பி, நம் முன்னோர் ஒரு சொல்லால் மூடிவிட்டனர். குறுந்தொகையில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணித் துறையிற் படிந்த பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமையாக்கினார். தொட்டால் விலகி, விட்டால் பரவும் அப்பாசி நீர்ப்பாசியே. யான் பேசவந்த பாசியோ மண்ணிலும் கல்லிலும் மரப்பட்டையிலும் தண்டும் இலையுமாய் நிற்பது. அதைத் தனியே குறிக்கத் தமிழில் வழங்கும் சொல் இன்மையால், தாவரவியல் வகுப்பார் 'மாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையே வைத்துக் காலங்கழிக்கின்றனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார். பூவில்லாத இதற்கு அங்கே இடமில்லை. அவையில் நகைப்பொலி எழுந்ததற்கும் இதுவே காரணம் என்று இப்பொழுது கருதுகின்றேன். பெயரில்லாத ஒன்றுக்காக ஒருவர் வழக்காடினால் சிரிப்புத்தானே வரும்?

இனி, என்னை மாற்றிய செய்தி. சென்ற தைத் திங்களின் கடைசியில் சிதம்பரத்தில் என் அத்தை மகளுக்குத் திருமணம். வீடு பழைய செங்கல் வீடு. பின்கட்டில் கிணறு, அதனருகே ஒரு தொட்டி, குழாயில் எப்பொழுதும் சிறிது கசிவு. அக்கசிவினால் தொட்டியின் வடபுறத்தும் கிணற்றுச் சுவரின் அடியிலும் பாசி கம்பளம்போல் தடித்து வளர்ந்திருந்தது. அதன்மேல் வெயில் ஏறியபின் நாட்டுத்தேனீக்கள் வந்து நீருண்ணும். தொட்டியின் விளிம்பில் அமர்ந்தால் ஈ வழுக்கி விழுந்து மூழ்கும்; பாசியிற் கால் ஊன்றி நின்றால் இலைக்கிடையே தேங்கிய துளியை அச்சமின்றி உறிஞ்சலாம். அவற்றின் கூடு எங்கோ அன்று. சமையற்கட்டின் பின்சுவரில், பழைய உத்தரம் எடுத்த பொந்தினுள் இருந்தது. சிறுவயது முதல் யான் அறிந்த கூடு அது. ஒருவரையும் கொட்டியதாக யான் கேட்டதில்லை.

வெள்ளையடிக்கும் ஆட்கள் வந்தனர். அத்தை என்னை அழைத்து, "தம்பி, கல்யாண வீடு; யாராவது வழுக்கி விழுந்தால் என்ன செய்வது? அந்தப் பாசியைச் சுரண்டிவிடு" என்றார். யான் ஒரு கொல்லத்துக் கரண்டியும் கம்பித் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஒரு பகற்பொழுதில் முழுவதையும் சுரண்டினேன். வழுக்கும் இடம் தரைதான். சுவரைச் சுரண்டவேண்டிய தேவை இல்லை. ஆயினும் தொடங்கிய வேலையின் வேகத்தில் சுவரையும் விட்டேனில்லை. பிளீச்சிங் பொடி தூவிக் கழுவி, குழாய்க்குப் புதிய வாசரும் இட்டுக் கசிவை நிறுத்தினேன். அத்தை மகிழ்ந்தார். வெட்டியெடுத்த பாசி ஒரு கூடையளவு இருந்தது. குப்பையிற் கொட்டினேன்.

மறுநாள் ஈக்கள் வந்தன. உலர்ந்த சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதற்கு மறுநாள் சமையலுக்கென நிரப்பி வைத்த அண்டாக்களைக் கண்டுபிடித்தன. பத்தும் நூறுமாய் நீரில் விழுந்து மிதந்தன. சமையற்காரரோடு வந்த சிறுவன் ஒருவன் செம்பு கொண்டு அவற்றை விலக்கப்போய், கையிலும் கண்ணிமையிலும் கொட்டுண்டு அழுதான். மாமா என்ன செய்வார்? மறுநாள் முகூர்த்தம், இருநூறு பேர் வருவர். அன்றிரவு வைக்கோற் புகை ஊட்டி, பொந்தின் வாயைச் சிமெந்து கொண்டு அடைத்துவிட்டனர். விடிந்தபின் பின்கட்டைக் கூட்டிய அம்மையார் முறத்தில் வாரி எடுத்ததை யான் பார்த்தேன். அண்ணன்மார் எவர்க்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. திருமணம் சிறப்பாக நடந்தது. தேனீயைக் காக்கவேண்டுமென்று பேசிப் பெற்ற பரிசுநூல் அப்பொழுது என் பெட்டியில்தான் இருந்தது.

இத்துணை நெருங்கிய இரண்டை எதிரெதிர்க் கட்சியாக நிறுத்தி யாம் சொற்போர் ஆடினோம். அதன்பின்னரே பாசியைப் பற்றிப் படிக்கலானேன். தாவரவியற் பேராசிரியர் ஒருவர் பொறுமையோடு பல செய்திகள் கூறி, நுண்பெருக்கியும் காட்டினார். படித்தவற்றுள் சில என்னைத் திகைக்க வைத்தன.

பாசிக்கு வேர் இல்லை. பிடித்துக்கொள்ளும் நூல்போன்ற இழைகளே உண்டு. நீரை ஏற்றிச்செல்லும் பெருங்குழாய்களும் இல்லை. ஆகையால் உண்பதும் பருகுவதும் உடம்பு முழுவதாலும். மழை நின்றால் உலர்ந்து கருகியதுபோற் கிடக்கும். நாம் இறந்தது என்போம். நம் நாட்டுச் சுவர்களில் மிகுதியும் காணப்படும் ஹையோஃபிலா என்னும் இனம் உலர்ந்தபொழுது இலையின் இருபுறத்தையும் உள்ளே சுருட்டிக்கொள்ளும்; துளி நீர் விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரித்துப் பசுமை காட்டும். உலர்ந்து போதலைத் தாங்குவது என்பது நம்மால் இயலாத ஒரு வீரம். தேவனாம்பட்டினத்தில் 1758இல் பிரெஞ்சுக்காரர் இடித்துத் தள்ளிய செயின்ட் டேவிட் கோட்டையின் எஞ்சிய செங்கற்களிலும் ஐப்பசி மழைக்குப்பின் இப்பச்சை ஏறுவதைக் காணலாம்.

வியப்பு வேறொன்றில் உள்ளது. பாசியின் ஆணணு, நீர்ப்படலத்தில் நீந்திச் சென்றே பெண்ணுறுப்பை அடையும் என்று நெடுங்காலம் கருதியிருந்தனர். நீந்தக்கூடிய தொலைவு மிகக் குறுகியது. 2006இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர், ஸ்பிரிங்டெயில் என்னும் குதிக்கும் நுண்பூச்சிகளும் சிலந்தியினத்துச் சிறு உண்ணிகளும் அவ்வணுவைச் சுமந்து சென்று சேர்ப்பதைச் சோதனையாற் காட்டினர். 2012இல் அமெரிக்க ஆய்வாளர் வேறோர் இனத்தில், அந்நுண்பூச்சிகளைப் பாசியே மணம் பரப்பி அழைக்கின்றது என்றும், ஆண்பாசிக்கும் பெண்பாசிக்கும் மணம் வேறென்றும் கண்டனர். மலர் தோன்றுமுன்னரே மணமும், தேனீ தோன்றுமுன்னரே தூதும் இவ்வுலகில் இருந்திருக்கலாம் என்றாகின்றது. பாசிக்கும் ஒரு தேனீ உண்டு. நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் உண்டு. இதனை அன்று என் எதிர்க்கட்சி நண்பர் அறிந்திருந்தால் அவை நகைத்திராது.

அரிய பாசிக்கு வருவேன். நம் மாகாணத்தில் பாசிகளைப் பற்றிய அறிவு பெரும்பகுதி ஒருவர் உழைப்பால் வந்தது. கோடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டு இயேசு சபைத் துறவி ஃபொரோ அடிகளார், பழனிமலைச் சோலைகளில் ஆண்டுக்கணக்காய் அலைந்து பாசிகளைத் திரட்டினார். 1961இல் அவற்றின் தொகுப்பு வெளியாயிற்று. பாசிச் சாதி ஒன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் திரிந்த மலையிலோ, புல்வெளிகளும் சோலைகளும் பெரும்பரப்பில் சீகை, தைலமரம், பைன் ஆகிய தோட்டங்களாய் மாறிவிட்டன. தைலமரம் தன் பட்டையை உரித்து உரித்து எறிவது. பட்டையில் ஒட்டி வாழும் பாசி அங்கே எங்ஙனம் குடியேறும்? தேனீயாயின் பறந்துபோய் வேறு பொந்து தேடும். பெட்டியில் இட்டு ஊர்விட்டு ஊர் கொண்டுபோகலாம். அதுவும் இயலாதபோது, புகையூட்டி அடைத்தாலன்றி அதற்கு முடிவில்லை. பாசிக்கு நின்ற இடமே உலகம்.

மிக அரியதாகிய மற்றொன்று டகாகியா. ஒரு சென்டிமீட்டர் அளவினது. இமயத்தின் உயரங்களிலும் ஜப்பானிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கோடியிலும் அங்கொன்று இங்கொன்றாக உள்ளது. அதன் இரண்டு இனங்களுள் ஒன்றை ஹூக்கர் என்பார் சிக்கிம் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எடுத்திருந்தும், அஃது வேறோர் இனத்தது என்று மயங்கிவிட்டனர். 2023இல் வெளியான ஆய்வு, இச்சாதி சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையுடையது என்றும், திபெத்துப் பீடபூமியில் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது என்றும் கூறுகின்றது. இமயம் எழும்புவதற்கு முன்னரே இருந்து, மலையோடு மலையாய் உயர்ந்து, கொடிய குளிரையும் கதிரையும் தாங்கிய அது, இன்று மிகும் வெப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாது திணறுகின்றது.

வேதாகமத்தில் சாலொமோன் லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை எல்லா மரங்களைக் குறித்தும் பேசினான் என்று ஓரிடம் உண்டு. லின்னேயஸின் மாணாக்கர் ஹாசல்குவிஸ்ட், எருசலேமில் கண்ட ஒரு சிறு சுவர்ப்பாசியே அந்த ஈசோப்பு என்று கருதினார். பிற்காலத்தார் அதனை ஏற்பதில்லை. மணமுள்ள ஒரு செடி என்பர். ஹாசல்குவிஸ்ட் தவறியிருக்கலாம். எனினும், ஞானியொருவனின் பேச்சில் சுவர்ப்பாசிக்கும் இடமிருக்கும் என்று அவர்க்குத் தோன்றியது எனக்கு உவப்பாயிருக்கின்றது.

'நன்று, பாசியால் நமக்கு என்ன?' என்று கேட்பவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பர். பயன் பேசி இரண்டாம் முறை இழுக்குற எனக்கு விருப்பமில்லை. ஆயினும் கடலூரில் வாழும் நமக்கு ஒன்று மட்டும் கூறவேண்டும். உடம்பு முழுவதாலும் பருகுவதால், காற்றில் உள்ளதெல்லாம் பாசியில் தங்கிவிடும். சுவீடன் நாட்டார் 1960களின் இறுதியிலேயே இதனைக் கொண்டு காற்றிலுள்ள உலோகங்களை அளக்கத் தொடங்கினர். அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரில் 2013இல் மரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான பாசிக் கூறுகளை எடுத்துச் சோதித்தபொழுது, கேட்மியம் என்னும் உலோகம் இரு இடங்களைச் சூழ்ந்து மிகுந்திருந்தது. நிறக் கண்ணாடி செய்யும் ஆலைகள் அங்கே இருந்தன. விலையுயர்ந்த கருவிகள் அறியாதிருந்ததைப் பாசி அறிந்திருந்தது. நம் நகருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது; அதனை அடுத்த சிற்றூரார் காற்றின் நாற்றத்தைப் பற்றி நெடுங்காலமாய் முறையிட்டு வருகின்றனர். தாவரவியல், வேதியியல் வகுப்பு மாணவர்கள் ஏன் அங்குள்ள மரங்களிலும் சுவர்களிலும் பாசி தேடிச் சோதித்துப் பார்க்கலாகாது? முறையீடு பொய்யெனின் பொய்யென்று தெரியட்டும். மெய்யெனின் அதற்கொரு சான்று கிடைக்கட்டும். தமிழ் மாணவனாகிய யான் கூடை சுமந்து உடன்வர ஆயத்தமாயுள்ளேன்.

அன்றைய வினாவுக்கு இன்று என் விடை யாது? பொருள் ஒன்றுக்கே போதுமாயின் தேனீக்கே கொடுங்கள் என்று இன்றும் கூறுவேன்; ஆனால் காரணம் வேறு. நோயை ஆராய வேண்டும், மருந்தடியைக் குறைக்க வேண்டும், பெட்டி வேண்டும், பயிற்சி வேண்டும்; இவையெல்லாம் பணமின்றி நடவா. பாசிக்கோ பெரும்பாலும் பணம் வேண்டுவதில்லை. சுரண்டாமல் இருந்தால் போதும். சோலையை வெட்டாமல் இருந்தால் போதும். சும்மா இருத்தலுக்கு எவரும் நிதி திரட்ட வேண்டியதில்லையே. டகாகியாவுக்கு மட்டும் இந்த விடை பொருந்தாது. பனிமலை உருகுவதை ஒருவர் சும்மா இருந்து தடுக்க இயலாது. அதற்கு நாடுகளெல்லாம் கூடிச் செய்யவேண்டியது வேறு. அதனை யான் மறைக்கவில்லை. முன்னொரு முறை நெல்லை மறைத்தது போதும்.

மற்றும், இரண்டுக்கும் வேண்டுவது ஒரே பொருள் என்பதைச் சொற்போரில் நாங்கள் இருசாராரும் காணவில்லை. அது பழமை. பொந்து விழும் வரை நின்ற மரமே தேனீக்கு வீடு; பட்டை தடித்துக் கரடான மரமே பாசிக்கு நிலம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் மாவட்டத்தில் கரையேறிப் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தபொழுது, மக்கள் வருவாயை எண்ணி அழுதனர், அழுததும் தகும். கன்றுகளை மீண்டும் நட்டனர். கன்றில் பொந்து இல்லை. புயல் செய்ததைப் புயல்மேல் ஏற்றிவிடலாம். கரண்டி கொண்டு யான் செய்ததை எதன்மேல் ஏற்றுவது?

கடைசியாக ஒரு விண்ணப்பம். கோடை விடுமுறையில் நம் கல்லூரிக் கட்டடங்களெல்லாம் வெள்ளையடிக்கப்படும் என்று அறிவிப்புப் பலகையிற் கண்டேன். நூல்நிலையத்தின் பின்னே, வடக்கு நோக்கிய செங்கற்சுவர் ஒன்று உண்டு. அதன் அடியில், மழைநீர்க் குழாய் இறங்குமிடத்திலிருந்து பதினைந்து முழ நீளத்துக்குப் பாசி படர்ந்திருக்கின்றது. அரிய இனமன்று, பேராசிரியர் பார்த்து அது சாதாரணமானதே என்றார். அவ்வழியே எவரும் நடப்பதில்லை. ஆகையால் வழுக்கி விழுவாரும் இல்லை. பிற்பகல் மூன்று மணி அளவில் அங்கே சென்று நின்றால் நாட்டுத்தேனீக்கள் வந்து நீருண்டு போவதைக் காணலாம். கூடு எங்கென்று யான் இன்னும் தேடவில்லை. அப்பதினைந்து முழத்தை மட்டும் விட்டுவிடுமாறு முதல்வர் அவர்களையும் கட்டட மேற்பார்வையாளர் அவர்களையும் வேண்டுகின்றேன். ஆட்களுக்கு எல்லை தெரியவேண்டுமாயின், விடுமுறைக்கு முன் யானும், அன்று பாசிக்காகப் பேசித் தோற்ற நண்பரும் சென்று, சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டுத் தருவோம்.